ரேடியோ வீட்டு டிரைவரம்மா

பஸ் டிப்போ வாசலுக்கு நேர் எதிரே இருந்த சலூனில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தால் தலை லேசாகும், காது கனத்துவிடும். சலூன்காரருக்கு டிப்போக்காரர்கள் வைத்த பெயர் ரேடியோ. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஆரம்பிக்கிற பேச்சு ஷட்டரை இறக்கும்போதுதான் நிற்கும். குறுக்கே பேசலாம் என்றால் அதற்கும் வழியில்லை. முக்கியமான இடம் வரும்போதெல்லாம் சவரக்கத்தி சரியாகத் தொண்டைக்குழிக்கு வந்து நின்றுவிடும். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு ஒருத்தர் தன் பெண்டாட்டியைப் புகழ்ந்தால், எந்த மனுஷன் இல்லையென்று தலையாட்டுவான்?

ஆமாம், பேச்செல்லாம் பெண்டாட்டியைப் பற்றித்தான். எதிரே இருந்த டிப்போவில் அந்தம்மா டிரைவர். நீளமான பஸ்ஸை ஒரே தடவையில் பின்னாலேயே கொண்டுபோய் ஷெட்டுக்குள் விடுகிற ஆள் அங்கே அவர் ஒருத்தர்தான். மற்றவர்கள் முன்னால் போய், பின்னால் வந்து, இறங்கிப் பார்த்து, தலையைச் சொறிந்து, மறுபடி ஏறுவார்கள். டிரைவரம்மா கண்ணாடியை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். "எங்க வீட்டம்மா பஸ்ஸ நிறுத்தினா, நின்னுட்டிருக்கற ஆளு கம்பியப் பிடிக்க வேண்டியதே இல்ல" என்று ரேடியோ சொல்வதை டிப்போவில் கேட்காத காது கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, அதில் பொய்யும் கிடையாது.

வீடு சலூனுக்குப் பின்பக்கம். நடுவில் ஒரு கதவு. வேலை முடிந்து வந்தால் டிரைவரம்மா செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுச் சலூன் வழியாகத்தான் உள்ளே போவார். போகும்போது தினமும் ஒரு பாட்டு விழும். "கூட்டவே மாட்டீங்களா? வெட்டின முடி காலெல்லாம் குத்துது. மனுஷி நடக்கற இடமா இது?" நாற்காலியில் இருக்கிறவர் சிரிப்பார். ரேடியோ துடைப்பத்தை எடுப்பதுபோல் எடுத்து மறுபடி மூலையில் சாத்திவிடுவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒருநாள் ஷெட்டில் நின்றது. பஸ்ஸைப் பின்னால் எடுக்க உடம்பைத் திருப்பியபோது டிரைவரம்மாவின் விலாவில் டக்கென்று ஒரு சத்தம். முதுகுவலி, சோர்வு எல்லாம் முன்பே இருந்தது. டிரைவர் வேலையில் முதுகு வலிக்காமல் பல்லா வலிக்கும் என்று இரண்டு பேரும் சிரித்து விட்டுவிட்டார்கள். இப்போது படம் பிடித்து, ரத்தம் பார்த்து, இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்து, கடைசியில் புற்றுநோய் டாக்டரம்மா எதிரில் உட்காரவைத்துச் சொன்னார். எலும்பு மஜ்ஜையில் வருகிற புற்று, மல்டிபிள் மைலோமா.

"வேரோட போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அடக்கி வைக்கறதுக்கு மருந்து நிறைய வந்திருக்கு. ஒண்ணு ஒத்துக்கலன்னா இன்னொண்ணு. வருஷக்கணக்கா நல்லாவே ஓட்டலாம்" என்றார் டாக்டரம்மா.

"வண்டி ஓட்டலாமா?" என்று கேட்டார் டிரைவரம்மா. தான் பிழைப்போமா என்றுகூடக் கேட்கவில்லை.

"விலா ஒட்டட்டும். மருந்து வேலை செய்யட்டும். அப்புறம் பார்ப்போம்."

அதன்பிறகு கொஞ்ச நாள் சலூனில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான் கேட்டது. ரேடியோ நின்றுபோனதில் டிப்போவுக்கே என்னவோ போலிருந்தது. உள்ளூரப் பயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஆனால் சிகிச்சை ஆரம்பித்ததும் மனுஷனுக்குத் திரும்ப உயிர் வந்தது. மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்தார். வயிற்றுத் தோலுக்கடியில் போடுகிற ஊசி போர்டெசோமிப். தினமும் விழுங்குகிற மாத்திரை லெனலிடோமைட். வாரத்துக்கு ஒருநாள் போடுகிற ஸ்டீராய்டு டெக்சாமெத்தசோன். நாக்கு சுளுக்கிக்கொள்கிற இந்தப் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கண்ணாடியில் வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பார். "மூணும் சேர்ந்து அடிக்குது தம்பி. இந்தப் புத்து ரத்தத்துல கலக்கற கெட்ட புரதம் பாதிக்குமேல விழுந்துடுச்சு. டாக்டரே அசந்துட்டாங்க."

டாக்டர் அசந்ததாக யாரும் பார்க்கவில்லை. ஆனால் புரதம் விழுந்தது நிஜம். ஸ்டீராய்டு போட்ட அன்று டிரைவரம்மாவுக்கு உட்காரவே முடியாது. வீட்டு அலமாரியெல்லாம் காலி செய்து துடைத்து, அதுவும் முடிந்து, சலூன் கண்ணாடிகளைத் தேய்க்க வந்துவிடுவார். மறுநாளோ கூப்பிட்டால் எரிந்து விழுவார். "ஒருநாள் என்ஜின் சூடு, மறுநாள் ரேடியேட்டர்ல தண்ணி இல்ல" என்று ரேடியோ அதையும் ஒரு பெருமையாகவே சொன்னார்.

ஒவ்வொரு தடவை ஊசிக்குப் போகும்போதும் டாக்டரம்மா ஒரே கேள்வியைக் கேட்பார். "கை கால் விரல்ல மரமரப்பு, எரிச்சல், ஊசி குத்தற மாதிரி ஏதாவது இருக்கா?"

டிரைவரம்மா வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து பதில் போய்விடும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். கல்லு மாதிரி இருக்காங்க. உங்க ஊசி அவங்கள ஒண்ணும் பண்ண முடியாது."

டாக்டரம்மா டிரைவரம்மாவைப் பார்ப்பார். டிரைவரம்மா கணவரைப் பார்ப்பார். அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சம். "ஆமா டாக்டர்" என்று தலையாட்டிவிடுவார்.

அப்புறம் ஒரு மாற்றம் வந்தது. டிரைவரம்மா சலூனுக்குள் நடந்துபோனால் திட்டு விழவில்லை. தரையில் முடி கருகருவென்று கிடக்கும், அந்தம்மா பாட்டுக்கு வெறுங்காலோடு மிதித்துக்கொண்டு உள்ளே போவார். ரேடியோவுக்கு ஒரே ஆச்சரியம். அன்றைக்கு அவரிடம் தலையைக் கொடுத்திருந்தவர் டிரைவரம்மாவின் பஸ்ஸில் பல வருஷம் ஓடிய கண்டக்டர்.

"பார்த்தியா? நோய் வந்ததும் மனுஷிக்கு எவ்வளவு பொறுமை வந்துடுச்சு பாரு. ஒரு வார்த்தை சொல்றதில்ல" என்றார் ரேடியோ.

"அக்காவா? பொறுமையா?" என்றார் கண்டக்டர். சில்லறை இல்லாதவனைக்கூட முறைத்தே இறக்கிவிட்ட அக்காவை அவருக்குத் தெரியும். அதற்குமேல் அவர் பேசவில்லை. கத்தி தொண்டைக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ரேடியோ சாப்பிட உள்ளே போனபோது, கதவிலிருந்து அடுப்படி வரைக்கும் தரையில் முடித்துணுக்குகள் இறைந்து கிடந்தன. டிரைவரம்மா நடந்த வழி அது. பாதத்தில் இவ்வளவு ஒட்டியிருந்தும் அந்தம்மா துடைத்துக்கொள்ளவில்லை. வாசல் படி இறங்கும்போது அந்தம்மா இப்போதெல்லாம் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே இறங்குவதும் நினைவுக்கு வந்தது. ரேடியோவின் மனசில் ஒரு முள் தைத்தது. கேட்டிருக்கலாம். ஆனால் ஊர் பூராவும் வாய் கிழியச் சொல்லி வைத்திருக்கிறாரே, ஊசி ஒன்றும் செய்யவில்லை என்று. கேட்டு, வேறு பதில் வந்துவிட்டால்? துடைப்பத்தை எடுத்து முதல்முறையாகச் சுத்தமாகக் கூட்டிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார்.

விலா ஒட்டியது. புரதம் இன்னும் இறங்கியது. டிரைவரம்மா கேட்க, டாக்டரம்மா மறுபடி அதே மரமரப்புக் கேள்வியைக் கேட்டு, அதே கல்லு மாதிரி பதிலை வாங்கிக்கொண்டு, வேலைக்குப் போகலாம் என்று சீட்டுக் கொடுத்தார். நீண்ட விடுப்பில் போன டிரைவர் திரும்பி வந்தால், டிப்போ மைதானத்தில் இன்ஸ்பெக்டர் முன்னால் ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டும். டிரம்களுக்கு நடுவே பின்னால் எடுக்க வேண்டும், வேகமாக வந்து வெள்ளைக் கோட்டில் முன்சக்கரத்தை நிறுத்த வேண்டும்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதற்காக ரேடியோ வேலையைப் பாதியில் விட்டுக் கடையைச் சாத்தினார். வருகிறவர் போகிறவரையெல்லாம் அழைத்து வைத்திருந்தார். கண்டக்டர் பாதிச் சவரத்தில் எழுந்து, ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்றார். மெக்கானிக்குகள் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். ரேடியோ சுவரோரமாக, வெளுத்த சட்டையில், மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

டிரைவரம்மா சீட்டை முன்னால் இழுத்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். ஒரே தடவையில் பஸ் டிரம்களுக்கு நடுவே பின்னால் போய் நின்றது, ஒரு டிரம்கூட அசையவில்லை. கூட்டம் கைதட்டியது. பிறகு மைதானத்தைச் சுற்றி வந்து வெள்ளைக் கோட்டுக்கு வந்தார். முதல் தடவை பஸ் கொஞ்சம் குலுங்கி நின்றது. இரண்டாவது தடவை சக்கரம் கோட்டின்மேல் அச்சாக உட்கார்ந்தது.

"கை கொஞ்சமும் மாறலம்மா. பாஸ். திங்கக்கிழமையே வண்டி எடுத்துக்கலாம்" என்று இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"நான் சொல்லல?" என்று ரேடியோ பக்கத்திலிருந்தவர் முதுகில் ஒன்று போட்டார். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

டிரைவரம்மா உடனே இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்ஜினை அணைத்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் குனிந்து பார்த்து இறங்கினார். நேராக இன்ஸ்பெக்டரிடம் நடந்தார்.

"சார், அதுல கையெழுத்துப் போடாதீங்க."

"ஏம்மா?"

"வண்டியக் கோட்டுல நிறுத்தினது என் கண்ணு சார். கால் இல்ல. பிரேக் மேல கால் இருக்கானு ஒவ்வொரு வாட்டியும் குனிஞ்சு பார்த்துதான் மிதிச்சேன். ரெண்டு காலும் மரத்துக் கிடக்கு. மருந்தால வர்றது. டாக்டர் கேட்டப்பல்லாம் நான் சொல்லல." அந்தம்மா டிரம்கள் பக்கம் கையைக் காட்டினார். "நான் குனிஞ்சு நிமிர்ற வரைக்கும் டிரம்மு நிக்கும் சார். ரோட்டுல குழந்தை நிக்காது."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "ஃபெயில் ஆனவங்க பாஸ் போடச் சொல்லிக் கெஞ்சறதப் பார்த்திருக்கேன். பாஸ் ஆனவங்க வேண்டாம்னு சொல்லி இப்பதாம்மா பார்க்கறேன்" என்றவர், எழுந்து நின்றார்.

ரேடியோவுக்கு முதலில் முகத்தில் தணலைக் கொட்டியது போலிருந்தது. அத்தனை பேரையும் கூப்பிட்டவர் அவர்தான். நான் சொல்லவில்லை என்று அந்தம்மா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். டாக்டர் கேட்டபோதெல்லாம் பதில் சொன்ன வாய் யாருடையது என்று அந்த மைதானத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவர் தலைகுனிந்து நின்றார். அப்புறம் தலையைத் தூக்கினார். மெக்கானிக்குகள் விலகி வழிவிட, டிரைவரம்மா மைதானத்தின் நடுவே தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். மெதுவாக, தரையைப் பார்த்து, ஆனால் முதுகு வளையாமல். எத்தனையோ வருஷமாக இந்தப் பெண்பிள்ளையை எதற்கெல்லாமோ புகழ்ந்தாயிற்று. அசல் விஷயம் இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இவள் என் பெண்டாட்டி என்று நெஞ்சு விம்மியது. வாயிலிருந்து மட்டும் ஒரு சொல் வரவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் அந்தம்மாவை உட்காரவைத்து, கீழே உட்கார்ந்து, பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பெருவிரலை அழுத்தினார். "தெரியுதா?"

"இல்ல."

குதிகாலை அழுத்தினார். "இது?"

"யாரோ பஞ்சு மேல அழுத்தற மாதிரி இருக்கு."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பங்க சொல்ல விட்டீங்க?" கோபமே இல்லாமல்தான் கேட்டார் அந்தம்மா. "ஊசி நல்லா வேலை செய்யுது, நிறுத்திடுவாங்களோன்னு எனக்கும் பயம். நீங்க ஊருக்கெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டுட்டிருந்தீங்க. அதக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன். இன்னிக்கு அந்தச் சீட்டுல உட்கார்ந்தப்பதான், நம்ம சந்தோஷத்துக்கு ரோட்டுல போறவன் ஏன் பலியாகணும்னு தோணுச்சு."

ரேடியோ அந்தப் பாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "இன்னிக்கு நீ இறங்கி வந்த பாரு, அந்த மாதிரி நான் எதையும் பார்த்ததில்ல."

மறுவாரம் டாக்டரம்மா கேள்வியைக் கேட்பதற்கு முன்பே ரேடியோ எழுந்து நின்றார். "டாக்டர், இத்தன நாளா அந்தப் பதிலெல்லாம் நான் சொன்னது. இனிமே அவங்க சொல்வாங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்து, கைக்குட்டையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார். பேச்சு தானாக வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கே இருந்தது.

டிரைவரம்மா ஒன்று விடாமல் சொன்னார். டாக்டரம்மா ஊசிமுனையாலும் பஞ்சாலும் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஆரம்பத்துலயே தெரிஞ்சிருந்தா அளவக் குறைச்சு, இடைவெளி விட்டுப் போட்டிருப்பேன். உங்கள மட்டும் தனியா கேட்காம விட்டது என் தப்புதான். இனிமே அந்த ஊசி வேண்டாம். அது நிறையவே வேலை செஞ்சிருக்கு, அதனால நமக்கு வழி இருக்கு."

"என்னென்ன வழி?" டிரைவரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார், பஸ் சீட்டை இழுப்பதுபோல.

அதே இனத்து மருந்து இன்னொன்று உண்டாம். நரம்பை அவ்வளவாகத் தொடாது, ஆனால் ரத்தக் குழாயில் ஏற்ற வேண்டும், இதயத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு வழி, டாரடுமுமாப் என்கிற வேறு ரக ஊசி. கெட்ட செல்லின்மேல் போய் ஒட்டிக்கொண்டு, இதோ இருக்கிறான் என்று உடம்பின் காவல்படைக்குக் காட்டிக்கொடுக்கும். அதுவும் வயிற்றுத் தோலுக்கடியில்தான், கூட அதே லெனலிடோமைட் மாத்திரை. முதல் ஊசியின்போது குளிர் நடுங்கலாம். சளி காய்ச்சல் தொற்றாமல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மூன்றாவது, ரத்தத்தை உண்டாக்குகிற அந்தம்மாவின் சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து வைத்துவிட்டு, பலமான மருந்தால் மஜ்ஜையைத் துடைத்து, செல்லைத் திரும்ப ஏற்றுவது. அதற்குப் பல வாரம் ஆஸ்பத்திரி வாசம்.

"இதுல எது என் காலைத் தொடாது?"

"டாரடுமுமாப் நரம்புக்குப் பெரும்பாலும் தொந்தரவு தராது. உங்களுக்கு நான் சொல்றது அதுதான். செல்லை இப்பவே எடுத்துப் பத்திரப்படுத்தலாம், பின்னால தேவைப்பட்டா இருக்கும்."

"போன உணர்ச்சி திரும்புமா?"

"நிறையப் பேருக்கு மெல்ல மெல்லத் திரும்புது. மாசங்கள் ஆகும். முழுசா வரும்னு கையடிச்சுச் சொல்ல மாட்டேன்."

டிரைவரம்மா யோசித்தார். ரேடியோவின் கைக்குட்டை நனைந்துவிட்டிருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை.

"சரி, அதையே போடுவோம். ஆனா நோய் அடங்கறதுதான் முதல்ல. கால் அப்புறம். ரெண்டும் கிடைச்சா ரெண்டையும் எடுத்துக்கறேன்" என்றார் அந்தம்மா.

சலூன் மறுபடி திறந்தது. புதிதாக மாற்றலாகி வந்த டிரைவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, தெரியாத்தனமாகக் கேட்டார். "உங்க வீட்டம்மா பரீட்சைல ஃபெயிலாமே?"

கண்டக்டர் மூலையிலிருந்து பல்லைக் கடித்தார். ரேடியோ கத்தியைத் தொண்டைக்குக் கொண்டுபோகவில்லை, கீழே வைத்துவிட்டு நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார். "பாஸ் பண்ணாங்க தம்பி. பண்ணிட்டு, வேண்டாம்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. உங்க பஸ்ஸுல யாராவது பத்திரமா வீடு போய்ச் சேர்ந்தா, அந்த மாதிரி ஆளுங்களாலதான்." அத்தோடு நிறுத்திக்கொண்டு முடிவெட்ட ஆரம்பித்தார். ரேடியோ இவ்வளவு குறைவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

புது ஊசி முதல் தடவை நடுக்கத்தைக் கொடுத்தது, அப்புறம் பழகிவிட்டது. புரதம் கீழேயே இருந்தது. டிப்போவில் டிரைவரம்மாவுக்கு நேரக் கட்டுப்பாட்டு அறையில் நாற்காலி கொடுத்தார்கள். அங்கிருந்து மைக்கில் டிரைவர்களை அதட்டுகிற குரல் சலூன் வரைக்கும் கேட்கும். குளிர்காலம் போய் வெயில் வந்தது. ரேடியோ தினமும் பாதத்தை மடியில் வைத்து அழுத்திப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். கேட்டுக் கேட்டு அந்தம்மாவை இல்லை என்று சொல்லவைப்பானேன்?

ஒரு சனிக்கிழமை மத்தியானம். சலூன் நிறைய ஆள். கண்டக்டர் நாற்காலியில், முகமெல்லாம் நுரை. டிரைவரம்மா வேலை முடிந்து, செருப்பை வாசலில் விட்டு, உள்ளே நடந்தார். பாதி வழியில் நின்றார். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏங்க, கூட்டவே மாட்டீங்களா? காலெல்லாம் குத்துது."

ரேடியோவின் கை அந்தரத்தில் நின்றது. "எந்தக் கால்ல?" என்று கேட்டார்.

டிரைவரம்மா அந்தப் பாதத்தைக் கீழே வைத்து அழுத்தினார். இன்னொரு தடவை அழுத்தினார். கண் கலங்கிவிட்டது.

"வலது கால்லதான். பிரேக் கால்ல."

கண்டக்டர் நுரையோடு எழுந்தார். "என்னண்ணே, சொல்லுங்க. டிப்போவுக்கு நான் ஓடட்டுமா, நீங்க ஓடறீங்களா?"

தெருவே கிடுகிடுக்கக் கத்த வேண்டும்போல் இருந்தது ரேடியோவுக்கு. கத்தியை மேஜைமேல் வைத்தார். மூலையிலிருந்து துடைப்பத்தை எடுத்தார்.

"அவங்க கால். அவங்களே சொல்வாங்க" என்றவர், குனிந்து கூட்ட ஆரம்பித்தார்.